ஆலாபனை, ஆளத்தி, மல்லாரி: பாட்டுக்கு முந்தி வருவதை என்னவென்று சொல்வது?

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவருகிற தாய் தகப்பன், திருவிழா நோட்டீஸ் அடிக்கிற உபயகாரர், அரங்கேற்ற மேடையில் மைக் பிடிக்கிற அறிவிப்பாளர் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். பாட்டு தொடங்கமுதல் பாடுவதையும் வாசிப்பதையும் எந்தப் பெயரால் சொல்வது? எல்லாவற்றுக்கும் 'ஆலாபனை' என்று போட்டுவிடுகிற பழக்கம் பரவிவிட்டது. அது சரியில்லை என்பது என் எண்ணம். அடிக்கடி வருகிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே எழுதுகிறேன்.

ஆலாபனை என்றால் சரியாக என்ன?

பாட்டின் சொல்லும் தாளக்கட்டும் இல்லாமல், ஒரு ராகத்தைத் தம்முடைய கற்பனையால் விரித்துப் பாடுவது ஆலாபனை. எழுதிவைத்த மெட்டு கிடையாது. நேற்றுப் பாடிய தோடியும் இன்றைக்குப் பாடுகிற தோடியும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டும் தோடியாக இருந்தால் போதும். தாளம் இல்லை என்றதும் காலமே இல்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். நல்ல ஆலாபனைக்குள் ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கையால் போட்டுக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

தொடங்கும்போதே இன்ன ராகம் என்று பிடிபடவேண்டும். கல்யாணி பாடுகிறவர் பிரதி மத்திமத்தை ஒளித்துவைத்துக்கொண்டு சுற்றினால், முன்வரிசையில் இருக்கிறவர் 'சங்கராபரணமோ?' என்று பக்கத்து ஆளைக் கேட்பார். அந்த இரண்டு ராகங்களுக்கும் மற்ற ஸ்வரங்கள் ஒன்றுதான், மத்திமம் மட்டுமே வேறு. அடையாளம் காட்டிய பிறகு மெல்ல மேலேறி, நிற்கக்கூடிய ஸ்வரங்களில் நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அங்கே கொஞ்சம் உலாவி, பிறகு இறங்கி ஆதார ஷட்ஜத்தில் முடிப்பது வழக்கம். பாடகர் விட்டதும் வயலின்காரர் அதே ராகத்தைத் தம்முடைய பங்குக்கு வாசிப்பார். அதற்குப் பிறகுதான் கீர்த்தனை. அதுவும் அதே ராகத்தில்தான் இருக்கும்.

அப்படியென்றால் 'அறிமுக இசை' என்று சொல்லிவிடலாமே?

சொல்லலாம், ஆனால் பொருந்தாது. அறிமுகம் என்றால், பின்னால் வரப்போகிற பெரிய ஆளுக்காக முன்னால் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது. ஆலாபனை அப்படிப் போகிற ஆள் இல்லை. கோயில் வீதியில் விடியவிடிய மேளம் கேட்டுப் பழகிய எங்கட ஆட்களைப் பாருங்கள். ராகம் முடியும்வரை சால்வையை உதறி மணலில் விரித்துக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். கீர்த்தனை தொடங்கியதும் ஒருவர் எழும்பித் தேத்தண்ணீர்க் கடைப்பக்கம் போவார். 'ராகம் கேட்டாச்சு, இனியென்ன' என்பது போலிருக்கும்.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் (1898–1956) பெயரைச் சொன்னால் எவருக்கும் நினைவு வருவது அவர் வாசித்த தோடி ராகம். அதற்குப் பிறகு எந்தக் கீர்த்தனை வாசித்தார் என்று கேட்டால் முக்கால்வாசிப்பேர் யோசிப்பார்கள். முன்னால் வருகிறது என்பது வரிசையைப் பற்றிய செய்தி. அதை மதிப்பாக எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும்.

'ராகம்' என்றும் சொல்கிறார்கள், 'ஆலாபனை' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்றுதான். நாதஸ்வரக்காரர்கள் 'ஆலாபனை' என்று சொல்லிக் கேட்பது அரிது. 'காம்போதி ராகம் வாசிச்சார்' என்பார்கள். பாட்டுக்காரர்களும் தங்களுக்குள் 'ராகம் பாடினா' என்றே கதைப்பார்கள். எழுத்தில் வரும்போதுதான் 'இராக ஆலாபனை' என்று முழுதாக வரும். 'ராகம் தானம் பல்லவி' என்கிற தொடரில் ராகம் என்பதற்கு ஆலாபனை என்றுதான் பொருள்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். ஆலாபனை செய்தல், ஆலாபனை பாடுதல், ராகம் வாசித்தல் எல்லாம் வழக்கில் உள்ளவை. 'ராகம் இழுத்தல்' என்பதை மட்டும் கச்சேரி பற்றி எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லாமல் நீட்டுகிறவனுக்கும், அழுதுகொண்டு முறையிடுகிற சின்னப்பிள்ளைக்கும் சொல்கிற சொல் அது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வடமொழி. ஆலாபம் என்றால் பேச்சு, உரையாடல். சல்லாபம், பிரலாபம், விலாபம் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்று கூடிப் பேசுவது, மற்றது பிதற்றுவது, இன்னொன்று அழுது புலம்புவது. ராகத்தோடு பேசுவது ஆலாபனை என்று விளக்கம் சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கும் மறக்காது. வடஇந்திய சங்கீதத்தில் இதையே 'ஆலாப்' என்பார்கள்.

தமிழில் சொல்வதென்றால் 'ஆளத்தி' என்று எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் அது நேற்று உண்டாக்கிய மொழிபெயர்ப்பு என்று நினைக்கவேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் ஆளத்தியைப் பற்றி விரிவாகவே சொல்கிறார். மகர ஒற்றால், அதாவது 'ம்' என்று, முதலில் சுருதியோடு சேரவேண்டும். பிறகு குறிலும் நெடிலுமாகப் பரப்பி, 'தென்னா, தெனா' என்று பாடவேண்டும். இதுதான் அவர் காட்டுகிற வெண்பாவின் சாரம். காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று மூன்று வகையும் கூறுகிறார். பெயரிலேயே 'பண்' (ராகத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர்) என்பதை வைத்திருக்கிற மூன்றாவது வகையைத்தான் இன்றைய ராக ஆலாபனைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது வழக்கம்.

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'ம்'. இன்றைக்கும் சங்கீத வகுப்பில் சுருதிப்பெட்டியைப் போட்டவுடன் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு 'ம்…' என்று சேர்ந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஆசிரியரும் அடியார்க்குநல்லாரைப் படித்துவிட்டு அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. காது தானாகவே அங்கே போய் நிற்கிறது.

அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வருகிற அடிகளை விளக்கப் புகுந்துதான் விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' என்கிற பெரிய ஆராய்ச்சியைச் செய்தார். அது 1947இல் அரங்கேறியது. பண், பாலை, ஆளத்தி போன்ற சொற்கள் ஈழத்து இசை மாணவர்களுக்குப் பழக்கமாக இருப்பதற்கு அடிகளின் நூலும் ஒரு காரணம்.

இந்தச் சொல்லில் ஒரு எழுத்துச் சிக்கலும் இருக்கிறது. ஆளத்தியில் வருவது 'ள'. 'ல' போட்டு ஆலத்தி என்று எழுதினால், கலியாண வீட்டில் தட்டில் திரி ஏற்றிச் சுற்றுகிற ஆராத்தியாகிவிடும்.

என்ன எழுத்துக்களைச் சொல்லிப் பாடுவது?

த, ரி, ந, தொம் போன்றவைதான். 'த த ரி ந', 'தரினா', 'ததரினம்' என்று வாயில் வருகிறபடி சேர்த்துக்கொள்வார்கள். அகாரமாக 'ஆ…' என்று மட்டும் பாடுகிறவர்களும் உண்டு. வேகமான பிருகாக்களுக்கு (உருண்டோடுகிற ஸ்வரக்கோவைகளுக்கு) அது வசதி. பழைய 'தென்னா தெனா'வும் இந்தத் 'ததரின'வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது கேட்டவுடனேயே விளங்கும். 'ஈ…' என்று மூக்கால் நீட்டுவதையும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு 'ரி' வைத்துக் குத்துவதையும் நல்ல ஆசிரியர்கள் விடமாட்டார்கள்.

ஆலாபனை எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்?

சட்டம் இல்லை. ராகத்தின் கொள்ளளவு, நேரம், சபை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும். தோடி, பைரவி, காம்போதி, சங்கராபரணம், கல்யாணி, கரகரப்பிரியா போன்றவை எவ்வளவு பாடினாலும் தீராது. செஞ்சுருட்டியை அரைமணி நேரம் பாடுகிறேன் என்று வெளிக்கிட்டால் பாடினதையே திருப்பிப் பாடவேண்டிவரும். கச்சேரி தொடக்கத்தில் வருகிற சின்னக் கீர்த்தனைக்கு முன்னால் இரண்டு மூன்று வரி காட்டிவிட்டு விடுவார்கள். பிரதான உருப்படிக்கு முன்னால் இருபது நிமிஷமோ அதற்கு மேலோ போகலாம். திருவிழா இரவில் நாதஸ்வரம் என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது.

நாதஸ்வரத்தில் ராகம் வாசிக்கும்போது தவிலும் வருகிறதே! தாளம் இல்லை என்றீர்களே?

நல்ல கேள்வி. பாட்டுக்கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மேளத்தில் அப்படி இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை (ராகத்தைக் காட்டுகிற ஒரு சின்னத் துண்டை) வாசித்து நிறுத்துகிற இடத்தில் தவில் உள்ளே வரும். உருட்டுச் சொற்களாகச் சிறிதுநேரம் ஓடிவிட்டு நிற்கும். அடுத்த பிடி தொடங்கும். ஆவர்த்தனம் (தாளச் சுற்று) எண்ணுகிற தாளம் அங்கே இல்லை. ஆனால் ராகம் எந்த வேகத்தில் போகிறது, எந்த உணர்ச்சியில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி தவில் பேசவேண்டும். இது தனி ஆவர்த்தனத்தைவிட (தவில் தனியே வாசிக்கிற பகுதியைவிட) கஷ்டமான வேலை என்பேன். தனியில் கணக்குத் துணைக்கு இருக்கும். இங்கே காது மட்டும்தான்.

நாதஸ்வரமும் இரண்டு பேர். ஒருவர் ஒரு பிடி வாசித்தால் மற்றவர் அதை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார். முன்பெல்லாம் பின்னால் ஒத்து ஊதுகிறவர் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது அந்த வேலையைச் சுருதிப்பெட்டி செய்கிறது. வெளியூரிலிருந்து வந்து முதன்முதல் கேட்கிறவர்களுக்கு, இத்தனை பேர் சேர்ந்து எழுதிவைக்காத ஒன்றை எப்படி ஒற்றுமையாகக் கொண்டுபோகிறார்கள் என்பதே ஆச்சரியமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் தனிப் பெயர் உண்டு. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களும் எழுந்து மரியாதை செய்த கலைஞர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் (1931–2003) நாதஸ்வரம் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து நினைக்கப்படுவது. இவர்களுடைய ஒலிப்பதிவு கிடைத்தால் ராகம் வாசிக்கிற பகுதியை மட்டும் முதலில் கேளுங்கள். தவில் எங்கே வருகிறது, எங்கே வராமல் விடுகிறது என்று பாருங்கள். வராமல் விடுகிற இடத்தில்தான் ஆள் தெரியும்.

சுவாமி வெளியே வரும்போது முதலில் வாசிப்பது ஆலாபனையா?

இல்லை, அது மல்லாரி. நோட்டீசிலும் நேரடி ஒலிபரப்பிலும் அதிகம் பிழை விடுகிற இடம் இதுதான்.

மல்லாரிக்குச் சாகித்தியம் (பாட்டின் சொல்) இல்லை; அதனால்தான் ஆலாபனையோடு குழப்புகிறார்கள். ஆனால் அதற்குத் தாளம் உண்டு. கட்டப்பட்ட உருப்படி அது. ராகம் கம்பீரநாட்டை. ரிஷபமும் தைவதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம், பெயருக்கேற்ற நிமிர்வு. முதலில் தவில் தனியே கண்ட நடையில் (ஐந்தைந்தாக எண்ணுகிற நடையில்) அலாரிப்பு வாசிக்கும். பிறகு நாதஸ்வரம் மல்லாரியை எடுக்கும். அதை ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று கூட்டி, திஸ்ரத்திலும் (மும்மூன்றாகவும்) வாசிப்பார்கள். தீர்த்தம் கொண்டுவருவதற்கு, தளிகை (சுவாமிக்குப் படைக்கும் அமுது) கொண்டுவருவதற்கு, தேருக்கு என்று வேறு வேறு மல்லாரிகள் உண்டு. விஷயம் தெரிந்தவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே, கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளும்போது மல்லாரி. வீதிக்கு வந்த பிறகு ராகம், கீர்த்தனை எல்லாம். நல்லூரில் கொடியேற்றத்திலிருந்து 25 நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேர் அன்றைக்குச் சனத்தின் இரைச்சலுக்குள்ளும் அந்தக் கம்பீரநாட்டை கேட்கும். மல்லாரி தொடங்கினால் சுவாமி வெளிக்கிட்டாச்சு என்று அர்த்தம். தொடக்க இசை என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அந்தப் பெயருக்கு முழு உரிமை இதற்குத்தான் உண்டு. ஒரு செயலைத் தொடக்கிவைப்பது இதன் வேலை.

பரதநாட்டிய மேடையிலும் இப்போது மல்லாரியோடு தொடங்குகிறார்கள். அலாரிப்பும் நடன வரிசையில் இருக்கிறது. ஆகவே அரங்கேற்ற நிகழ்ச்சி நிரலில் 'ஆலாபனை' என்று போட்டுவிட்டு மேடையில் மல்லாரிக்கு ஆடவேண்டாம்.

கெட்டிமேளம்?

அது தொடக்கமில்லை. தாலி கட்டுகிற முகூர்த்தத்தில் மற்றச் சத்தங்களை மூடுவதற்குக் கொட்டுவது. இந்தப் பட்டியலில் சேராது.

தேவாரத்துக்கு முன்னால் ஆலாபனை பாடலாமா?

பாடலாம், அளவோடு. ஓதுவார்கள் பண்ணைச் சிறிதாகக் காட்டிவிட்டுப் பதிகத்துக்குள் போவார்கள். கோயிலில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதும்போது அதற்கும் நேரமிருக்காது. 'திருச்சிற்றம்பலம்' சொல்லித் தொடங்கி, தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றாக ஓதி முடிக்கவேண்டும். குருக்கள் தீபத்தோடு காத்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிஷம் ராகம் பாடுவது பக்தியில் சேராது.

பண்ணிசை அரங்கு என்றால் வேறு கதை. அங்கே பண்ணை விரித்துக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஈழத்துத் தலங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகம் நட்டபாடைப் பண். அதை இன்று நாட்டை அல்லது கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். திருக்கோணமாமலைக்குச் சம்பந்தர் பாடியது புறநீர்மை, அதற்குப் பூபாளம். ஆகவே கோணேசர் பதிகத்துக்கு முன்னால் பூபாளத்தை நாலு பிடி பாடுவது பொருத்தம். காந்தாரபஞ்சமத்துக்குக் கேதாரகௌளை, தக்கேசிக்குக் காம்போதி, கௌசிகத்துக்குப் பைரவி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, செவ்வழிக்கு யதுகுலகாம்போதி. இப்படி இணை ராகங்கள் பாடசாலைப் பண்ணிசை வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. இந்த இடத்தில் 'ஆளத்தி' என்கிற சொல் இன்னும் இயல்பாக அமரும். நிரலில் 'பண் ஆளத்தியும் பதிகமும்' என்று எழுதினால் பார்க்கவும் நன்றாயிருக்கும்.

விருத்தமும் தாளமில்லாமல்தானே பாடுகிறார்கள்? அதுவும் ஆலாபனைதானா?

விருத்தத்தில் சொல் இருக்கிறது. பாட்டின் அடிகளைத் தாளமில்லாமல், ராகத்தில் விரித்துப் பாடுவது விருத்தம். ஒரே ராகத்திலும் பாடலாம், ஒவ்வொரு அடிக்கும் ராகம் மாற்றி ராகமாலிகையாகவும் பாடலாம். அதன் பின்னால் ஒரு உருப்படி வருவது வழக்கம் என்பதால் இடத்தால் அதுவும் முன்னிசைதான். ஆனால் பெயர் விருத்தம். கந்தபுராணம் படிக்கிறவர் செய்யுளை ராகத்தோடு வாசித்து, மற்றவர் பயன் (பொருள்) சொல்கிற புராணபடனத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கூத்திலும் இசைநாடகத்திலும் இதற்கு என்ன சொல்?

வரவு. கூத்தில் ராஜா வந்தால் ராஜா வரவு, கட்டியகாரன் வந்தால் கட்டியகாரன் வரவு. மத்தளமும் தாளமும் அந்தப் பாத்திரத்துக்குரிய தாளக்கட்டை எடுக்க, ஆட்டக்காரர் ஆடிக்கொண்டு களரிக்குள் (கூத்தாடுகிற இடத்துக்குள்) வருவார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வரவுத் தருவை (வரவுப் பாட்டை) பாடுவார்கள். வந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று அந்தத் தருவே சொல்லிவிடும். கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடிக்கு ஒரு வரவு ஆட்டம், தென்மோடிக்கு வேறொன்று. கூத்து முழுவதுக்கும் முன்னால் காப்புப் பாடுவது தனி.

அறிமுகம் என்கிற சொல்லுக்குச் சரியான பொருளில் ஒன்று வேண்டுமானால் வரவுத் தருவைக் காட்டலாம். ஆலாபனை ராகத்தை அறிமுகப்படுத்துகிறது என்பதைக்காட்டிலும், வரவுத் தரு ஆளை அறிமுகப்படுத்துகிறது என்பது நேரானது.

இசைநாடகத்தில் ஆர்மோனியம் முன்னுக்கு வந்துவிடும். பாட்டின் ராகத்தை ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்க, நடிகர் திரைக்குப் பின்னாலிருந்தே விருத்தத்தைத் தொடங்கிவிடுவார். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக வருவதைப் பார்த்தவர்கள் நடிப்பைச் சொல்லுமுன் அந்தக் குரலைத்தான் சொல்வார்கள்.

சினிமாப்பாட்டில் முதலில் வருகிற இசையை ஆலாபனை என்று சொல்லலாமா?

பெரும்பாலும் கூடாது. அது இசையமைப்பாளர் எழுதிவைத்தது, தாளத்துக்குள் இருப்பது, பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பது. அதற்கு 'முன்னிசை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வருவது 'இடையிசை'. எங்கட இசைக்குழுப் பிள்ளைகள் 'இன்ட்ரோ', 'பிரிலூட்', 'பிட்டு' என்றெல்லாம் சொல்வார்கள். ஒத்திகையில் அது போதும். பாடகர் தாளமில்லாமல் 'ஆ…' என்று நாலு பிடி பாடிவிட்டுப் பல்லவிக்குள் போகிற பாட்டுகளும் இருக்கின்றன. அந்தத் துண்டை மட்டும் ஆலாபனை என்று சொல்வதில் பிழையில்லை. வாயை மூடிக்கொண்டு முனகுவது ஹம்மிங்.

மேற்கத்தைய 'பிரிலூட்', 'ஓவர்ச்சர்' இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது?

பொதுவாகப் பேசும்போது முன்னிசை போதும். ஓவர்ச்சர் என்பது ஆப்பெரா போன்ற நாடகத்தில் திரை விலகுமுன் வாத்தியக்குழு வாசிப்பது. 'தொடக்கவிசை' என்று எழுதினால் விளங்கும்.

குறிப்பிட்ட ஒரு படைப்பைச் சொல்லும்போது 'பிரிலூட்' என்று அப்படியே எழுதிவிடுவதுதான் நல்லது. காரணம் இருக்கிறது. 1722இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தொகுத்த நூலில் 24 பிரிலூட்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிற உருப்படி). அங்கே அது உண்மையிலேயே முன்னால் வருவது. 1839இல் வெளிவந்த, போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் 24 பிரிலூட்டுகளுக்குப் பின்னால் எதுவுமே வருவதில்லை. அவை தனித்தே நிற்கின்றன. பின்னால் ஒன்றும் வராததை முன்னிசை என்று எழுதினால் வாசிக்கிறவர் 'எதற்கு முன்?' என்று கேட்பார். எங்கட ராகம் கீர்த்தனையை மிஞ்சி நின்றதுபோல, அங்கேயும் முன்னால் வந்தது ஒருநாள் தன்பாட்டில் நிற்கப் பழகிவிட்டது.

தானம் என்பது என்ன? அதுவும் முன்னால்தானே வருகிறது?

ராகத்துக்குப் பின், பல்லவிக்கு முன். 'ஆனந்தம்', 'அனந்தம்' என்கிற சொற்களை உடைத்து, 'தானம் தா நம்' என்று துள்ளலாகப் பாடுவார்கள். தாள ஆவர்த்தனம் இல்லை, ஆனால் லயம் வெளிப்படையாகத் தெரியும். வீணையில் கேட்டால் இன்னும் தெளிவு. நிரவலும் (பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரிப்பது) கற்பனாஸ்வரமும் மனோதர்மமே (பாடுகிறவரின் சொந்தக் கற்பனையே) ஆனாலும் அவை பாட்டுக்குள் வருபவை. முன்னால் வருபவை அல்ல.

மகள் சங்கீத சபைச் சோதனைக்குப் படிக்கிறா. 'ஆலாபனை பற்றிக் குறிப்பு எழுதுக' என்றால் என்ன எழுதவேண்டும்?

வட இலங்கை சங்கீத சபைச் சோதனையோ, உயர்தரக் கர்நாடக சங்கீதமோ, எதுவாக இருந்தாலும் ஆலாபனையின் பகுதிகளை எழுதாமல் விடக்கூடாது. தொடங்கி ராகத்தை அடையாளம் காட்டுவது ஆக்ஷிப்திகா. படிப்படியாக விரிப்பது ராகவர்த்தனி. ஒவ்வொரு ஸ்வரமாக நிலையெடுத்துப் பாடுவது ஸ்தாயி. நிறைவுப் பகுதி மகரிணி. சாகித்தியமும் தாளமும் இல்லை என்பதையும், மனோதர்ம சங்கீதத்தில் ஒரு வகை என்பதையும் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆளத்தி பற்றியும் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. அடியார்க்குநல்லார் பெயரில் 'க்' விடுபடாமல் பார்க்கவும்.

செய்முறைக்கு வேறு ஆயத்தம் வேண்டும். ஆசிரியர் எழுதிக்கொடுத்த ஆலாபனையை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிற பிள்ளைகள் கனபேர். தொடக்கத்தில் அதைத் தவிர்க்க முடியாது, உண்மைதான். ஆனால் மூன்றாவது பிடியில் மறந்துவிட்டால் பிள்ளை அப்படியே நின்றுவிடும். அந்த ராகத்தில் ஒரு வர்ணத்தையும் இரண்டு கீர்த்தனைகளையும் நன்றாகப் பாடமாக்கிக்கொண்டால், அவற்றின் பிடிகளே ஆலாபனைக்குக் கைகொடுக்கும். கூடவே அந்த ராகத்தை நாதஸ்வரத்தில் கேட்கச் சொல்லுங்கள். மூச்சு எங்கே விடுவது, ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பாட்டைவிட நாதஸ்வரம் தெளிவாகக் காட்டும்.

அழைப்பிதழில் 'அறிமுக ஆலாபனை', 'முன் ஆலாபனை' என்று போடலாமா?

வேண்டாம். ஆலாபனை என்றாலே முன்னால் வருவதுதான். எந்த ராகம் என்று சேர்த்து எழுதுங்கள்: 'பைரவி இராக ஆலாபனை, தொடர்ந்து கீர்த்தனை'. கோயில் நோட்டீசில் 'மாலை 5 மணிக்கு மல்லாரியுடன் சுவாமி வெளிவீதி எழுந்தருளல்', இரவுக்கு 'நாதஸ்வர தவில் சமா' என்று போட்டால் ஊருக்கு விளங்கும். பாடசாலைக் கலைவிழாவில் குழுப்பாடலுக்கு முன்னால் ஆர்மோனியமும் வயலினும் வாசிப்பது முன்னிசை. கூத்துக்கு வரவு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக 'இசைக் கச்சேரி' என்று முழுதாக எழுதுங்கள். வெறும் 'கச்சேரி' என்றால் யாழ்ப்பாணத்தில் இன்னும் சிலர் அரசாங்க அதிபர் பணிமனையைத்தான் நினைப்பார்கள்.